தேர்வுக்குப் பின் இரண்டு ஆண்டுகள்

வண்டி ஓட்டும் உரிமம் கைக்கு வந்துவிட்டால் படிப்பு முடிந்தது என்பதே நம்மில் பலருடைய எண்ணம். எல்.எல்.ஆர். வாங்கினோம், எல் போர்டு மாட்டிக்கொண்டு சில வாரம் பழகினோம், ஆர்.டி.ஓ. அலுவலக அதிகாரியின் முன்னிலையில் ஓட்டிக் காட்டினோம். இரு சக்கர வண்டியானால் காலை ஊன்றாமல் எட்டுப் போட்டோம். தீர்ந்தது! அன்று மாலையே எல் போர்டு பரணுக்குப் போய்விடும். நேற்று வரை பக்கத்தில் ஒருவர் இல்லாமல் ஓட்டக்கூடாது என்றிருந்த பெண், இன்று தங்கையையும் தம்பியையும் ஏற்றிக்கொண்டு கடைத்தெருவுக்குப் புறப்பட்டுவிடுகிறாள். ஒரே நாளில் அவளுக்கு என்ன புதிய அனுபவம் வந்துவிட்டது?

இந்தக் கேள்வியைத்தான் பிரிட்டன் நாட்டுச் சட்டம் கேட்கிறது. தேர்வில் வென்ற பின்னும் இரண்டு ஆண்டுகளுக்கு அங்கே ஓட்டுநர் கண்காணிப்பில் இருக்கிறார். அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குத் தகுதிகாண் பருவம் என்று ஒன்று உண்டல்லவா? அதைப் போன்றதே இதுவும்.

பிரிட்டன் சாலைச் சட்டம் நமக்கெதற்கு என்று தோழியர் கேட்கலாம். செவிலியர் பயிற்சி முடித்து அந்நாட்டு மருத்துவமனைகளுக்கு வேலைக்குச் செல்லும் தமிழ்ப் பெண்கள் பலர். மேற்படிப்புக்குச் செல்வோரும் பலர். குடியேறிய நாளிலிருந்து பன்னிரண்டு மாதங்கள் வரை இந்திய உரிமத்தை வைத்து அங்கே கார் ஓட்டலாம். அதன் பிறகு அது செல்லாது. அதைக் கொடுத்து அந்நாட்டு உரிமமாக மாற்றிக்கொள்ளவும் இயலாது. எல்லாரையும் போலத் தற்காலிக உரிமம் வாங்கி, எழுத்துத் தேர்வும் சாலைத் தேர்வும் எழுதித் தேறவேண்டும். சென்னையின் அண்ணா சாலையில் பத்தாண்டு ஓட்டியவரானாலும் சரி, அங்கே தேறிய நாளன்று அவர் புதியவர்தாம். இரண்டு ஆண்டுக் கணக்கு அன்றுதான் தொடங்குகிறது. ஆகவே மகளை அங்கே அனுப்ப எண்ணும் பெற்றோரும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் தண்டனைப் புள்ளி என்றால் என்னவென்று பார்ப்போம்.

பிரிட்டனில் 1934ஆம் ஆண்டில் மட்டும் 7,343 பேர் சாலை விபத்துகளில் இறந்தனர். அக்காலத்தில் அங்கிருந்த வண்டிகளோ இன்றைய எண்ணிக்கையில் மிகச் சிறு பங்கு. தேர்வென்று எதுவும் இல்லாமல், கட்டணம் செலுத்தியவர் எல்லாரும் ஓட்டிய காலம் அது. 1935 ஜூன் 1 முதல் ஓட்டுநர் தேர்வு கட்டாயமாயிற்று. தேர்வு வந்துவிட்டது, தேறிய பின் தவறு செய்பவரை என்ன செய்வது? நீதிமன்றம் அபராதம் விதித்து, உரிமத்தின்மேல் குற்றத்தைக் குறித்து அனுப்பிவிடும். 1962ஆம் ஆண்டுச் சட்டம் இந்தக் குறிப்புகளைக் கூட்டிப் பார்க்கத் தொடங்கிற்று. மூன்று ஆண்டுகளில் மூன்று குறிப்புகள் சேர்ந்தால் ஆறு மாதம் ஓட்டக்கூடாது என்பது விதி. இதில் ஒரு கோணல் இருந்தது. சிறு தவறுக்கும் ஒரு குறிப்பு. பெருந்தவறுக்கும் அதே ஒரு குறிப்பு! தராசில் பஞ்சையும் இரும்பையும் எடை போடாமல் எண்ணிக்கை பார்த்த கதைதான்.

இந்தக் கோணலை நிமிர்த்த வந்ததே புள்ளி முறை. 1982 நவம்பர் 1 முதல் ஒவ்வொரு குற்றத்துக்கும் அதன் கனத்துக்கேற்ப இத்தனை புள்ளிகள் என்று வகுத்தார்கள். சிவப்பு விளக்கைத் தாண்டினால் 3. வேக வரம்பை மீறினால் 3 முதல் 6 வரை. கவனமின்றி ஓட்டினால் 3 முதல் 9 வரை. காப்பீடு இல்லாமல் ஓட்டினால் 6 முதல் 8 வரை. மூன்று ஆண்டுகளுக்குள் 12 புள்ளிகள் சேர்ந்தால், பொதுவாகக் குறைந்தது ஆறு மாதத்துக்கு ஓட்டும் உரிமை பறிபோகும். நம் வகுப்பில் மதிப்பெண் கூடக்கூட மகிழ்ச்சி. அங்கே புள்ளி கூடக்கூட நடுக்கம்.

இது எல்லாருக்கும் உள்ள விதி. புதியவருக்கு இன்னொரு விதி, 1995ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட புதிய ஓட்டுநர் சட்டத்தின்படி, 1997 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றுக்கும் அது பொது. வட அயர்லாந்துக்குத் தனிச் சட்டம் உண்டு. தேறிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் செய்த குற்றத்தால் புள்ளிகள் ஆறோ அதற்கு மேலோ ஆனால், உரிமம் ரத்து. பழையவருக்குப் பன்னிரண்டு, புதியவருக்கு ஆறு. அவ்வளவே சட்டம். ஆனால் இந்தச் சிறு விதிக்குள் கவனிக்கவேண்டிய முடிச்சுகள் பல.

ஒரு செவிலியர் 2023 மே 10 அன்று தேறினார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய இரண்டு ஆண்டுகள் 2025 மே 9 அன்று முடிகின்றன. மே 8ஆம் தேதி இரவுப் பணி முடிந்து வரும்போது வேகக் காமிராவில் சிக்குகிறார். அறிவிப்பு வந்து, ஆள் யாரென்று எழுதி, வழக்கு முடிவதற்குள் ஜூலை ஆகிவிடுகிறது. 'இரண்டு ஆண்டு முடிந்துவிட்டதே, தப்பித்தேன்' என்று அவர் நினைத்தால் ஏமாந்துபோவார். குற்றம் நடந்த நாளே கணக்கு. தீர்ப்பு வந்த நாளன்று.

இரண்டாவது முடிச்சு, தேர்வுக்கு முன் வாங்கிய புள்ளிகள். பயிற்சிக் காலத்தில் தகுந்த துணையின்றித் தனியே ஓட்டி 3 புள்ளிகள் வாங்கியிருந்தால், தேர்வில் வென்றதும் அவை கரைந்துவிடுவதில்லை. தேறிய பின் வேகத்துக்காக இன்னொரு 3 சேர்ந்தால் கூட்டுத்தொகை ஆறு. முடிந்தது.

மூன்றாவது, எவருக்கும் தோன்றாத ஒன்று: டயர்! புதிதாக ஓட்டுவோர் பெரும்பாலும் மலிவான பழைய கார்தான் வாங்குவார்கள். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது விதி. தேய்ந்த டயர் ஒவ்வொன்றுக்கும் 3 புள்ளிகள் தனித்தனியே உண்டு. முன் டயர் இரண்டும் வழுக்கையாயிருந்தால், ஒரே நாளில், ஒரே இடத்தில், நிதானமாக ஓட்டிய நிலையிலும் ஆறு புள்ளிகள் சேர வழியிருக்கிறது. காரின் நிறத்தையும் பாட்டுப் பெட்டியையும் பார்த்து வாங்குகிறவர்கள் குனிந்து டயரையும் பார்ப்பது நலம்.

நான்காவது முடிச்சைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். அது கைப்பேசி.

ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் பிடிப்பதைப் பிரிட்டன் 2003 டிசம்பரில் தடை செய்தது. அப்போது அபராதம் மட்டுமே, புள்ளி கிடையாது. மக்கள் அஞ்சவில்லை. 2007இல் 3 புள்ளிகள் சேர்த்தார்கள். அப்படியும் பழக்கம் போகவில்லை. 2017 மார்ச் 1 முதல் அது 6 புள்ளிகளாகவும் 200 பவுண்டு அபராதமாகவும் உயர்ந்தது. மூன்று ஆறானது பழைய ஓட்டுநருக்குப் பாதி ஆபத்து. புதியவருக்கு முழு ஆபத்து. ஒரே ஒரு முறை எடுத்துப் பார்த்தால் போதும், உரிமம் போய்விடும். முன்பெல்லாம் இரண்டாவது தவறில் விழுந்த கத்தி இப்போது முதல் தவறிலேயே விழுகிறது.

அதற்குள்ளும் சிலர் ஓட்டை கண்டுபிடித்தார்கள். பேசவில்லை, படம்தான் எடுத்தேன் என்றார்கள். செய்தி அனுப்பவில்லை, பாட்டைத்தான் மாற்றினேன் என்றார்கள். பழைய சட்டத்தின் சொற்கள் பேச்சையும் செய்தித் தொடர்பையுமே குறித்தமையால் இந்த வாதத்துக்கு இடமிருந்தது. 2022 மார்ச் 25 முதல் அந்த ஓட்டையும் அடைபட்டது. கையில் எடுத்து எதற்காகப் பயன்படுத்தினாலும் குற்றம். சிவப்பு விளக்கில் நிற்கும்போதும், நெரிசலில் அசையாமல் இருக்கும்போதும் குற்றமே. வண்டியை நிறுத்த வழியில்லாத ஆபத்து வேளையில் அவசர உதவியை அழைக்க விலக்கு உண்டு. நின்ற வண்டியிலிருந்து கடைச் சாளரத்தில் கைப்பேசியால் பணம் செலுத்தவும் விலக்கு உண்டு. இன்னொன்று: பயிற்சி பெறுபவரின் பக்கத்தில் துணைக்கு அமர்ந்திருப்பவருக்கும் இந்தத் தடை பொருந்தும். மகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அப்பா தம் பங்குக்குக் கைப்பேசியை நோண்டக்கூடாது!

அடுத்து வருவது பெற்றோருக்கு உரிய பகுதி. இளம் ஓட்டுநருக்குக் காப்பீட்டுக் கட்டணம் அங்கே மிக அதிகம். ஆகவே சில குடும்பங்களில் ஒரு தந்திரம் செய்கிறார்கள். காரை நாள்தோறும் ஓட்டுவது மகன் அல்லது மகள். படிவத்தில் முதன்மை ஓட்டுநர் என்று எழுதுவது தந்தையை. பிள்ளையின் பெயர் 'எப்போதாவது ஓட்டுபவர்' என்ற இடத்தில் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். குடும்பத்துக்குள் இது சிக்கனமாகத் தோன்றலாம். சட்டத்தின் கண்ணில் இது மோசடி. தெரியவந்தால் நிறுவனம் காப்பீட்டையே செல்லாததாக்கக்கூடும். காப்பீடின்றி ஓட்டியதற்குக் குறைந்தது 6 புள்ளிகள். புதியவரின் உரிமம் அத்துடன் போகும். காப்பீடு இல்லாத வண்டியைப் பிறர் ஓட்ட அனுமதிப்பதும் தனிக் குற்றம். அதற்கும் 6 முதல் 8 புள்ளிகள் உண்டு. தோழி கேட்டாள் என்று சாவியைக் கொடுப்பவர்கள் இதை நினைவில் வைக்கட்டும். வேலைக்குச் சென்றுவரும் பயணத்துக்குக் காப்பீடு பொருந்துமா என்பதையும் படிவத்தில் பார்க்கவேண்டும். வீட்டு உபயோகத்துக்கு மட்டும் வாங்கிய காப்பீட்டை வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் பணிக்குப் போவது, காப்பீடே இல்லாமல் போவதாக முடியலாம்.

பிள்ளைமேல் உள்ள பாசத்தால் செய்யத் தூண்டும் இன்னொரு காரியமும் உண்டு. காமிரா எடுத்த படத்தோடு, 'அன்று இந்த வண்டியை ஓட்டியவர் யார்?' என்று கேட்டுக் கடிதம் வரும். 'மகளுக்கு ஏற்கெனவே 3 புள்ளி இருக்கிறது, எனக்கு ஒன்றுமில்லை, நான் ஓட்டினேன் என்று எழுதிவிட்டால் என்ன?' என்று ஒரு தாய்க்குத் தோன்றாதா? தோன்றும். பிரிட்டனில் இப்படி எழுதுவது நீதியின் போக்கைத் திருப்பும் குற்றம். அதற்குப் புள்ளியல்ல, சிறை. இதற்கு நாடறிந்த ஒரு வழக்கு உண்டு. 2003 மார்ச்சில் எம்11 நெடுஞ்சாலையில் ஒரு கார் வேக வரம்பை மீறிக் காமிராவில் பதிவாயிற்று. ஓட்டியவர் கிறிஸ் ஹூன் என்னும் அரசியல்வாதி. புள்ளிகளைத் தம் பெயரில் ஏற்றுக்கொண்டவர் அப்போது அவருடைய மனைவியாயிருந்த விக்கி பிரைஸ். ஆண்டுகள் பல உருண்டன; ஹூன் அமைச்சருமானார். உண்மை வெளிப்பட்டபோது, 2012இல் அவர் அமைச்சர் பதவியை விட்டு விலகினார். 2013 மார்ச்சில் இருவருக்கும் தலா எட்டு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மூன்று புள்ளிக்காகச் சொன்ன பொய்க்குப் பத்தாண்டு கழித்து வந்த தண்டனை இது.

கேட்டவுடன் எல்லாரும் எழுப்பும் ஐயம் ஒன்றுண்டு. ஒரே தவறு செய்த இருவரில் ஒருவருக்கு உரிமம் இருக்கிறது, மற்றவருக்குப் போகிறது; இது நியாயமா?

பழைய ஓட்டுநர் 12 புள்ளிகளை எட்டினால் நீதிமன்றத்தில் தம் கஷ்டத்தைச் சொல்லிக்கொள்ள வழியுண்டு. உரிமம் போனால் வேலை போகும், நோயாளியான தாயைப் பார்க்க ஆளில்லை என்று மெய்ப்பித்தால் நீதிபதி இரங்கலாம். புதியவருக்கு அந்த வாசலே இல்லை. ஆறு புள்ளி ஆயிற்றா? நீதிமன்றம் ஆவணத்தை அனுப்ப, சுவான்சீ நகரிலுள்ள உரிம அலுவலகம் ரத்துக் கடிதத்தை அனுப்பிவிடும். அதில் இரக்கம் காட்டும் அதிகாரம் எவருக்கும் இல்லை. குற்றத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம். ரத்தை மட்டும் தனியே எதிர்க்க இயலாது. வீடு வீடாகச் சென்று முதியோருக்கு ஊசி போடும் செவிலியருக்குக் கார்தான் கால். அவருக்கு இது எத்தகைய அடி என்று சொல்லவேண்டியதில்லை.

சிலர் ஒரு குறுக்கு வழி தேடினார்கள். 'ஐயா, புள்ளி வேண்டாம். அதற்குப் பதில் பதினைந்து நாள் ஓட்டக்கூடாதென்று தடை போடுங்கள்' என்று நீதிமன்றத்தில் வேண்டினார்கள். தடையென்றால் புள்ளி சேராது, நாள் முடிந்ததும் பழையபடி ஓட்டலாம், மறுதேர்வு இல்லை! நீதிபதிகளுக்கான தண்டனை நெறிமுறை இதைப் பொதுவாக ஏற்கவேண்டாம் என்கிறது. நாடாளுமன்றத்தின் தெளிவான நோக்கத்தைச் சுற்றிப்போவதாகும் என்பது காரணம்.

அந்த நோக்கத்தை எண்ணிப் பார்த்தால் எனக்கு இந்தச் சட்டம் கடுமையானதாகத் தோன்றுகிறதே தவிர அநியாயமானதாகத் தோன்றவில்லை. உரிமம் ரத்தாவதும் தடை விதிப்பதும் ஒன்றல்ல. தடை விதிக்கப்பட்டவர் ஓட்டவே கூடாது. ரத்தானவரோ மறுநாளே தற்காலிக உரிமத்துக்கு மனுச் செய்து, எல் அட்டை மாட்டிக்கொண்டு பழகத் தொடங்கலாம். 'உன்னை வீதியிலிருந்து விரட்டுகிறேன்' என்று சட்டம் சொல்லவில்லை. 'நீ இன்னும் கற்கவேண்டும், வகுப்புக்குத் திரும்பு' என்கிறது. ஆனால் கைப்பேசியில் பாட்டை மாற்றியவளையும் காப்பீடே இல்லாமல் பல மாதம் ஓட்டியவனையும் ஒரே வாசல் வழியாக வெளியே அனுப்புவது 1962ஆம் ஆண்டின் பஞ்சு இரும்புக் கணக்கை நினைவூட்டுகிறது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. புதியவருக்கும் ஒரு முறையாவது நீதிபதியிடம் பேச இடமிருந்தால் நன்று.

பிற நாடுகள் இதையே வேறு விதமாகச் செய்கின்றன. தமிழும் ஆட்சிமொழியாயுள்ள சிங்கப்பூரில் தகுதிகாண் காலம் ஓராண்டு. அதற்குள் 13 புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் ரத்து. பிரான்ஸ் நாட்டார் கணக்கையே தலைகீழாகப் போடுகிறார்கள். அங்கே அனுபவமுள்ளவர் கையில் 12 புள்ளிகள் முதலாக இருக்கும். தவறு செய்யச் செய்யக் குறையும். 2004 முதல் புதியவருக்கு ஆறு புள்ளிகள் மட்டுமே கொடுத்து, தவறின்றிக் கழிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டிரண்டாகச் சேர்த்து, மூன்று ஆண்டில் பன்னிரண்டாக்குகிறார்கள். தவறைக் கூட்டுவதைவிட நம்பிக்கையைச் சேமிப்பாகக் கொடுப்பது இளையோர் மனத்துக்கு இதமாயிருக்கும் என்பது என் கருத்து. எனினும் முடிவில் இரண்டு கணக்கும் ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன.

பிரிட்டனுக்கே திரும்புவோம். ரத்துக் கடிதம் வந்த செவிலியர் என்ன செய்யவேண்டும்? உரிம அட்டையைத் திருப்பி அனுப்பவேண்டும். கடிதம் செல்லுபடியாகும் நாளுக்குப் பிறகு தனியே ஓட்டினால் உரிமமின்றி ஓட்டிய குற்றமும், காப்பீடின்றி ஓட்டிய குற்றமும் சேரும். தற்காலிக உரிமம் வந்ததும் எல் அட்டை மாட்டி, இருபத்தொரு வயது நிரம்பி, மூன்று ஆண்டு உரிமம் உடைய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டலாம். ஆனால் மோட்டார்வே எனப்படும் பெருஞ்சாலையில் கணவருடனோ தோழியுடனோ போக முடியாது. 2018 ஜூன் முதல் அங்கே பயிற்சி பெறுவோர், இரட்டைப் பிரேக் பொருத்திய காரில், அங்கீகாரம் பெற்ற பயிற்றுநருடன் மட்டுமே செல்லலாம்.

பிறகு மறுபடியும் எழுத்துத் தேர்வு. ஐம்பது வினாக்களில் 43க்குச் சரியான விடை வேண்டும். சாலை ஆபத்துகளை முன்கூட்டிக் காணும் படத்தேர்வில் 75க்கு 44 வேண்டும். அதன்பின் சாலைத் தேர்வு. 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றுக்குப் பின் அந்தத் தேர்வுக்கு நாள் கிடைப்பதற்கே பலர் மாதக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. தேறி முழு உரிமம் பெற்றால் புதிதாக இன்னொரு இரண்டாண்டுத் தகுதிகாண் காலம் கிடையாது. அந்த மட்டில் ஆறுதல். பழைய ஆறு புள்ளிகள் மட்டும் அழிவதில்லை. குற்றம் நடந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் அவை கணக்கில் நிற்கும். நான்கு ஆண்டுகள் பதிவில் இருக்கும். காப்பீட்டு நிறுவனங்களோ ஐந்து ஆண்டு வரலாற்றைக் கேட்கும். அதற்குள் இன்னொரு ஆறு சேர்ந்தால் பன்னிரண்டு. இம்முறை நீதிமன்றத்துக்குப் போய் நிற்கவேண்டும்.